பொது ஸ்தாபனங்களும் திறந்த மூல மென்பொருளும்

ஓர் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகக் கிணறுகளின் நீர்மட்டம் அளக்கப்பட்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்தாண்டுகளின் அளவுகள் காகிதப் பதிவேட்டில் மையால் எழுதப்பட்டவை. அடுத்த பத்தாண்டுகளின் அளவுகள் கணினியில் ஏற்றப்பட்டவை. காகிதப் பதிவேட்டைப் பிரித்துப் பார்க்க எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை. கணினியில் உள்ள அளவுகளைப் பார்க்கவோ, அவற்றைப் பதிவு செய்த அதே மென்பொருள் வேண்டியிருக்கலாம். அந்த மென்பொருளை விற்ற கம்பெனி அதனைக் கைவிட்டாலும், அலுவலகம் ஆண்டுச் சந்தாவைச் செலுத்தத் தவறினாலும், பிந்திய பத்தாண்டுகளின் அளவுகள் முந்தியவற்றைக் காட்டிலும் எட்டாத பொருளாகிவிடும். அளந்தவர் சர்க்கார் ஊழியர், செலவு பொதுமக்களுடையது, ஆனால் பெட்டியின் சாவி மட்டும் பிறர் கையில் இருக்கிறது.

பொது ஸ்தாபனங்களும் தொழில் நிறுவனங்களும் திறந்த மூல மென்பொருளை ஏன் ஏற்க வேண்டும் என்னும் கேள்விக்குரிய விடை, முதன்மையாக இந்தச் சாவியைப் பற்றியதே. விலையைப் பற்றியது பின்னரே. இதனை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

திறந்த மூல மென்பொருள் என்பது யாது?

கணினிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுதியே மென்பொருள். நிரல் எழுதுவோர் அக்கட்டளைகளை மனிதர் படித்தறியத்தக்க ஒரு மொழியில் எழுதுகின்றனர். இது மூல நிரல் எனப்படும். பின்னர் அது இயந்திரத்திற்கு மட்டுமே விளங்கும் வடிவாக மாற்றப்படுகிறது. மூடிய மென்பொருளை வாங்குவோர்க்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது வடிவமே கிடைக்கிறது. உழவர் ஒருவர் வாங்கிய பம்பு செட்டுக்கு முத்திரையிட்டு, "மூடியைத் திறக்கலாகாது, உள்ளூர் மெக்கானிக் கை வைக்கலாகாது, பக்கத்து வயலுக்கு இரவல் தரலாகாது" என்று நிபந்தனை விதித்தால் எப்படியோ, அப்படிப்பட்டதே இந்த ஏற்பாடு.

திறந்த மூல மென்பொருளில் மூல நிரலும் உடன் வழங்கப்படுகிறது. அதன் உரிமம் நான்கு உரிமைகளை அளிக்கிறது: எக்காரியத்திற்கும் உபயோகித்தல், உள்ளமைப்பைப் படித்துத் தேவைக்கேற்ப மாற்றுதல், படியெடுத்துப் பிறர்க்கு வழங்குதல், திருத்திய வடிவத்தையும் வெளியிடுதல். 1983-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு என்னும் திட்டத்தை அறிவித்து இவ்வியக்கத்தைத் தொடங்கினார். அத்திட்டத்தின் பொது உரிமம் 1989-இல் வெளியாயிற்று. 1991-இல் பின்லாந்தின் மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருநிரலை எழுதி வெளியிட்டார். "திறந்த மூலம்" என்னும் பெயர் 1998-இல் வழக்கிற்கு வந்தது.

இரண்டு தவறான எண்ணங்கள்

முதலாவது, இம்மென்பொருள் முற்றிலும் இலவசம் என்பது. உரிமத்திற்கு விலை இல்லாதிருக்கலாம். ஆனால் நிறுவுதல், பழைய கோப்புகளை மாற்றுதல், ஊழியர்களைப் பயிற்றுதல், பழுது நீக்குதல் ஆகியவற்றிற்குச் செலவு உண்டு. இத்தகைய சேவையை விற்றே பெரிய கம்பெனிகள் வளர்ந்துள்ளன. லினக்ஸுக்குச் சேவை வழங்கி வந்த ரெட் ஹாட் கம்பெனியை 2019-இல் ஐபிஎம் கம்பெனி சுமார் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. வேறுபாடு யாதெனில், மூடிய மென்பொருளில் சேவை செய்யவல்லவர் பெரும்பாலும் ஒருவரே. திறந்ததில் எவரும் அதனைக் கற்றுச் சேவை செய்ய முன்வரலாம். ஆகவே செலவில் ஒரு பகுதி உள்ளூர்த் தொழில் வல்லுநர்களைச் சென்றடைய இடமுண்டு.

இரண்டாவது, நிரலை எவரும் பார்க்கலாம் என்பதனால் அது தானாகவே பாதுகாப்பானது என்பது. இதுவும் பிழை. இணையத் தொடர்புகளை மறையாக்கும் ஓப்பன் எஸ்எஸ்எல் என்னும் திறந்த மென்பொருளில் 2012-இல் புகுந்த ஒரு குறை 2014 ஏப்ரலில்தான் வெளிப்பட்டது. உலகெங்கும் உபயோகிக்கப்பட்ட அந்த நிரலைப் பராமரித்தவர்கள் மிகச் சிலரே. பலர் பார்க்கலாம் என்பது வேறு. பலர் பார்த்தார்கள் என்பது வேறு. திறந்த மூலம் பார்க்கும் உரிமையைத் தருகிறது. பார்க்கும் கடமை உபயோகிப்போரைச் சார்ந்தது. மூடிய மென்பொருளில் இந்த உரிமையும் இல்லை என்பது கருதத்தக்கது. 2001-இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி முடிவுற்றபோது, அதனைத் தாமே சீர்செய்து கொள்ளும் வழி உபயோகிப்போர்க்கு இருக்கவில்லை. தேதியைக் குறித்தவர் விற்றவரே.

இந்திய சர்க்காரின் கொள்கை

நம் நாட்டில் இவ்விஷயம் தனிப்பட்டோரின் விருப்பத்திற்கு மட்டும் விடப்படவில்லை. மின்னாளுமைக்கான திறந்த தரங்கள் பற்றிய கொள்கையை மத்திய சர்க்கார் 2010-இல் வெளியிட்டது. அடுத்து, 2015-இல் திறந்த மூல மென்பொருளை ஏற்பது பற்றிய கொள்கை வகுக்கப்பட்டது. மத்திய சர்க்கார் ஸ்தாபனங்கள் டெண்டர் கோரும்போது, மூடிய மென்பொருளுடன் திறந்த மூல மென்பொருளையும் பரிசீலிக்குமாறு நிபந்தனை சேர்த்தல் வேண்டும். திறந்ததை விலக்கிய விற்பனையாளர் அதற்குக் காரணம் காட்டுதல் வேண்டும். திறன், கட்டுப்பாடு, பாதுகாப்பு, ஆயுட்காலச் செலவு, பராமரிப்பு முதலியவற்றைச் சீர்தூக்கி முடிவு செய்யுமாறு அக்கொள்கை கூறுகிறது. தக்க மென்பொருள் கிடைக்காத சிறப்புத் துறைகளுக்கும் அவசரத் தேவைகளுக்கும் விலக்கு உண்டு. எனவே இது கண்மூடித்தனமான கட்டளையன்று. ஒப்பிட்டுப் பார்த்தலைக் கட்டாயமாக்கும் ஏற்பாடு.

இதற்கு முன்னரே, 2007-இல், சென்னையிலுள்ள சி-டாக் நிலையம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்னும் இயக்கு தளத்தை இந்திய மொழி வசதிகளுடன் வெளியிட்டது.

கேரளத்துப் பள்ளிகளின் அனுபவம்

கொள்கை ஏட்டில் இருப்பது போதாது; அது வேரூன்றுவதற்கு மனிதர் வேண்டும். இதற்குக் கேரளம் சிறந்த சான்று.

கேரளக் கல்வி இலாகா 2001-இல் "ஐடி அட் ஸ்கூல்" என்னும் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் வகுத்த பாடம் ஒரே கம்பெனியின் மென்பொருளைச் சார்ந்திருந்ததால் ஆசிரியர்களிடையே ஆட்சேபம் எழுந்தது. கணினி அறிவைக் கற்பிப்பதா, ஒரு கம்பெனியின் சரக்கைக் கையாளக் கற்பிப்பதா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வியின் சாரம். திட்டம் படிப்படியாகக் குனு லினக்ஸுக்கு மாறியது. பாடநூல்களும் செய்முறைத் தேர்வுகளும் அதனையே பின்பற்றின. 2017-இல் இத்திட்டம் கைட் என்னும் பொதுத் துறை நிறுவனமாயிற்று. பின்னர் சுமார் 45,000 வகுப்பறைகள் நவீனமாக்கப்பட்டபோது வழங்கப்பட்ட கணினிகளிலும் திறந்த மென்பொருளே இடம் பெற்றது.

இம்மாற்றம் நிலைத்ததற்குரிய காரணத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். வெளியிலிருந்து நிபுணர்களை வரவழைத்து நிறுவிச் சென்றதோடு காரியம் முடியவில்லை. பள்ளி ஆசிரியர்களிலிருந்தே பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்கள் பிற ஆசிரியர்களைப் பயிற்றினர். மென்பொருளைப் பாடத்திற்கு ஏற்பத் தொகுத்தவர்களிலும் அவர்கள் இருந்தனர். ஜியோஜீப்ரா கணித ஆசிரியரின் கருவியாயிற்று. ஜிம்ப்பும் இன்க்ஸ்கேப்பும் படம் வரைவதற்கு உதவின. மாணவன் அதே மென்பொருளைப் படியெடுத்து வீட்டிற்குக் கொண்டு செல்லலாம், அது களவன்று. ஒழுக்கத்தைக் கற்பிக்கும் பள்ளிக்கு இது சிறிய அனுகூலமா?

மொழியிலும் பயன் விளைந்தது. மலையாள எழுத்துக்கள் திரையில் பிழையாகத் தோன்றியபோது, தன்னார்வலர்கள் நிரலைத் திறந்து திருத்தினர். எழுத்துருக்களை உருவாக்கி வழங்கினர். மூடிய மென்பொருளாயின் விண்ணப்பம் எழுதிக் காத்திருப்பதே வழி.

இரண்டு வெளிநாட்டு உதாரணங்கள்

மாற்றம் எப்போதும் எளிதில் கைகூடும் என்று சொல்வது உண்மைக்கு மாறானது. ஜெர்மனியின் மியூனிக் நகர சபை 2003-இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்தது. லீமக்ஸ் என்று தனக்கெனத் தொகுப்பொன்றை அமைத்து, 2013-க்குள் சுமார் 15,000 கணினிகளை மாற்றியது. ஆயினும் 2017-இல் விண்டோஸுக்குத் திரும்புவதென்று அதே சபை வாக்களித்தது. காரணம் பற்றிக் கருத்து வேற்றுமை உண்டு. நகரின் கணினிப் பிரிவுகள் சிதறிக் கிடந்தன என்றும், வெளி அலுவலகங்களுடன் கோப்புகளைப் பரிமாறுவதில் இடர்ப்பாடு இருந்தது என்றும், அரசியல் தலைமை மாறியது என்றும் கூறுவர். 2020-இல் அந்நகரின் புதிய ஆளுங்கூட்டணி, இயன்ற இடங்களில் திறந்த மூலத்தையே நாடுவதென மீண்டும் உடன்பட்டது.

பிரான்சின் ஜாந்தார்மரி என்னும் காவற்படை வேறொரு முறையைக் கையாண்டது. 2005-இல் அலுவலக மென்பொருளை மட்டும் மாற்றியது. 2006-இல் உலாவியையும் அஞ்சல் மென்பொருளையும் மாற்றியது. ஊழியர்களின் கை இவற்றில் பழகிய பின்னர், 2008-இல்தான் இயக்கு தளத்தை உபுண்டுவுக்கு மாற்றத் தொடங்கியது. பல்லாயிரக்கணக்கான கணினிகள் இவ்வாறு மாறின. அன்றாடம் தொடும் கருவிகள் முன்பே பழகியிருந்தமையால், அடித்தளம் மாறியது ஊழியர்க்குப் பெரிய இடையூறாகத் தோன்ற இடமில்லை. நாற்றங்காலில் தேறிய பயிரை நடவு செய்வது போன்றது இம்முறை.

சிறிய ஸ்தாபனங்களும் தொழில் நிறுவனங்களும்

இவையெல்லாம் பெரிய அமைப்புகளுக்கே பொருந்தும் என்று எண்ண வேண்டுவதில்லை. நியூஸிலாந்தின் ஹோரோவெனுவா நூலகங்களின் பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டின் தேதிகளைக் கையாளாது என்று தெரிந்தபோது, அவற்றை நடத்திய அறக்கட்டளை 1999-இல் புதிய மென்பொருளை எழுதுவித்தது. அதனைத் தான் மட்டும் வைத்துக்கொள்ளாமல் கோஹா என்னும் பெயரில் யாவர்க்கும் திறந்துவிட்டது. மாவோரி மொழியில் கோஹா என்றால் கொடை. இன்று இந்தியாவில் பல கல்லூரி நூலகங்களும் பொது நூலகங்களும் அதனை உபயோகிக்கின்றன. ஒரு சிறு நூலகத்தின் தேவை உலகத்திற்கே கருவியாயிற்று.

கணக்கு, சரக்கிருப்பு, சம்பளப் பட்டியல் ஆகியவற்றைக் கவனிக்க மும்பையில் உருவான இஆர்பிநெக்ஸ்ட் என்னும் திறந்த மென்பொருள் சிறு தொழில்களுக்கும் ஏற்றது. தொழில் நடத்துவோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இந்த மென்பொருளை விட்டு விலக விரும்பினால், என் கணக்குகளை முழுமையாக எடுத்துச் செல்ல இயலுமா?"

தொடங்கும் முறை

1. முதலில் கணக்கெடுப்புச் செய்க. அலுவலகத்தில் எந்தெந்த மென்பொருள், எந்தெந்தக் காரியத்திற்கு உபயோகமாகிறது, அவற்றின் உரிமம் எப்போது முடிகிறது என்பதை எழுதி வைக்க வேண்டும்.

2. மென்பொருளை மாற்றுமுன் கோப்பு வடிவத்தை மாற்றுக. திறந்த ஆவண வடிவம் 2006 முதல் சர்வதேசத் தரமாக உள்ளது. அட்டவணைகளை எளிய உரை வடிவிலும் சேமிக்கலாம். தமிழ்க் கோப்புகளை யூனிகோடிலேயே வைக்க வேண்டும். பழைய எழுத்துரு முறையில் உள்ளவற்றை இப்போதே மாற்றிக்கொள்வது நலம்.

3. எளிய கருவிகளில் தொடங்குக. எழுதுதற்கும் அட்டவணைக்கும் லிபர் ஆபீஸ், நிலப்படத்திற்குக் கியூஜிஐஎஸ் ஆகியவை விண்டோஸிலேயே இயங்கும். இயக்கு தளத்தை மாற்றுவது இறுதிப் படி.

4. ஒவ்வொரு அலுவலகத்திலும் இருவரையேனும் நன்கு பயிற்றுக. ஒருவர் மாற்றலாகிச் சென்றால் அறிவும் உடன் செல்லலாகாது.

5. சேமித்த உரிமத் தொகையில் ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்குக. இதனைச் செய்யாத திட்டங்கள் தளர்வது இயல்பு.

6. பெற்றதைத் திருப்பித் தருக. பிழையைக் கண்டால் அறிவித்தல், சொற்களைத் தமிழாக்குதல், கையேடு எழுதுதல் ஆகிய எல்லாம் கைம்மாறே. இதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டுவதில்லை.

கள ஊழியர்களும் ஆசிரியர்களும் கொள்கை வகுப்போர் அல்லர். டெண்டரில் கையெழுத்திடுவோரும் அல்லர். ஆயினும் எந்தக் கோப்பு எந்த வடிவில் நாளை திறக்கும் என்பதை நிச்சயிப்பது அவர்களுடைய இன்றைய பழக்கமே. தொடக்கத்தில் கூறிய நீர்மட்டப் பதிவுகளை இன்னும் முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு பொறியாளர் தேடி வருவார். அவர் கேட்கப்போவது மென்பொருளின் பெயரை அன்று, அளவுகளை. அவை அவர்க்குக் கிடைக்கும்படி செய்வது நம் கடமை.

பயிற்சி வினாக்கள்

1. மூல நிரல் என்பது யாது? அது கிடைப்பதனால் ஒரு ஸ்தாபனத்திற்கு உண்டாகும் அனுகூலங்கள் யாவை?

2. "திறந்த மூல மென்பொருள் இலவசமானது" என்னும் கூற்று எவ்வளவு தூரம் சரி?

3. மியூனிக் நகரமும் ஜாந்தார்மரியும் பின்பற்றிய முறைகளை ஒப்பிடுக.

4. உங்கள் அலுவலகத்திலோ பள்ளியிலோ உள்ள பத்து ஆண்டுகளுக்கு முந்திய ஐந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். எத்தனை திறந்தன, எத்தனை திறக்கவில்லை, காரணம் யாது என்பதைக் குறித்து வையுங்கள்.