பாடம் 6: தட்டுக் கலப்பையைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துதலும் பராமரித்தலும்

இந்தப் பாடம் யாருக்கு?

பல வருடங்களுக்குப் பிறகு உங்கள் வயலுக்குத் திரும்பியிருக்கிறீர்கள். கரைவாகு, நிந்தவூர், சம்மாந்துறை வட்டைகளில் பெரும்போக உழவு, ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னரே ஆரம்பித்துவிடும். நீண்டகாலம் உழாமல் கிடந்த நிலம் இறுகிப் புல்லும் பற்றையுமாக இருக்கும். அப்படிப்பட்ட நிலத்தின் கட்டியை உடைத்துப் பதப்படுத்துவதற்கு உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டும் தட்டுக் கலப்பை மிகவும் உதவும். இதனைச் சிலர் 'டிஸ்க்' என்றும் சொல்வார்கள்.

அநேகமான குடும்பங்களிடம் சொந்தமாக உழவு இயந்திரம் இல்லை; வாடகைக்கே எடுக்கிறீர்கள். ஆகவே இந்தப் பாடம் சாரதிக்கு மட்டும் உரியதல்ல. கூலி கொடுப்பவரும், வரம்பில் நிற்பவரும், சாப்பாடு கொண்டுபோகும் பிள்ளையும் இதனை அறிந்திருக்க வேண்டும்.

தட்டுக் கலப்பையில் ஏன் கவனம் தேவை?

இரண்டு வரிசையாகப் பூட்டிய குழிந்த இரும்புத் தட்டுகள் மண்ணை வெட்டிப் புரட்டுகின்றன. ரொட்டவேற்றரைப் போல இதனை இயந்திரம் சுழற்றுவதில்லை. இழுக்கப்படும்போது தட்டுகள் தாமாகவே உருளுகின்றன. அதனால் பலர் இதனை ஆபத்தற்றது என்று நினைக்கிறார்கள். ஆனால் கலப்பையின் எடை பல நூறு கிலோ. தட்டுகளின் ஓரம் கத்தியைப் போன்றது. பெரும்பாலும் மூன்று விதமாகவே ஆள் காயப்படுகிறார்: கலப்பையின் மேல் ஏறி விழுவது, தூக்கி நிறுத்திய கலப்பைக்குக் கீழே போவது, உழவு இயந்திரம் குடைசாய்வது. இந்த மூன்றையும் தவிர்க்கலாம்.

1. இயந்திரம் இறங்குவதற்கு முன் நிலத்தைப் பாருங்கள்

உழாத நிலத்தில் என்ன கிடக்கிறது என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. போர் நடந்த பகுதிகளில் மிதிவெடியோ வெடிக்காத குண்டோ இருக்கலாம். உங்கள் காணி பாதுகாப்பானது என்று உறுதிசெய்யப்பட்டதா என்பதைக் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ முதலில் கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை உழ வேண்டாம். அபாயப் பலகையோ சிவப்பு நாடாவோ உள்ள இடத்திற்குள் மாட்டைக்கூட விடாதீர்கள்.

உழும்போது சந்தேகமான உலோகப் பொருள் ஒன்று தென்பட்டால் உடனே நிறுத்துங்கள். தொடவோ நகர்த்தவோ கல்லெறியவோ வேண்டாம். முன்னுக்கோ பின்னுக்கோ ஓட்ட வேண்டாம். மற்றவர்களைக் கிட்ட வரவேண்டாம் என்று சத்தமிட்டுச் சொல்லுங்கள். பொலிஸுக்கு 119 என்ற இலக்கத்தில் அறிவித்து, உதவி வரும்வரை காத்திருங்கள்.

நிலம் பாதுகாப்பானது என்று தெரிந்த பிறகும் ஒரு தடவை நடந்து பாருங்கள். பற்றை மூடிய பழைய கிணறு, முள்ளுக்கம்பி, மரக்கட்டை ஆகியவற்றைத் தேடுங்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை வந்த கடலோரக் காணிகளில் செங்கல், கொங்கிரீட் கம்பி, தகரம் ஆகியவை மணலில் புதைந்திருக்கலாம். கம்பி தட்டில் சுற்றினால் பெயாரிங் உடையும். கல் பட்டால் தட்டு வெடிக்கும். எடுக்க முடியாதவற்றுக்குத் தடி நட்டுத் துணி கட்டிவிடுங்கள். கிணற்றைச் சுற்றித் தள்ளியே அடையாளம் வையுங்கள். கிணற்றின் ஓரமண் இயந்திரத்தின் பாரத்தைத் தாங்காது.

2. கலப்பையைப் பூட்டும்போது

கலப்பை சமதரையில் இருக்க வேண்டும். சாரதி மெதுவாகப் பின்னுக்கு வரும்போது இயந்திரத்துக்கும் கலப்பைக்கும் இடையில் ஒருவரும் நிற்கக் கூடாது. இயந்திரம் நின்று, கியரை விடுவித்து, கைப்பிரேக் போட்ட பிறகே உதவிக்கு ஆள் கிட்டப் போகலாம்.

முதலில் இடப்பக்கக் கீழ்க் கை, பின்பு வலப்பக்கக் கீழ்க் கை, கடைசியாக மேற்கை என்ற ஒழுங்கில் பூட்டுங்கள். வலப்பக்கக் கையை உயர்த்தித் தாழ்த்தலாம் என்பதால் இந்த ஒழுங்கு இலகுவானது. கழற்றும்போது இதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். ஒவ்வொரு பின்னுக்கும் உரிய பூட்டு ஊசியைப் போடுங்கள். ஊசிக்குப் பதிலாகக் கம்பித் துண்டோ ஆணியோ வேண்டாம்.

கலப்பையைத் தூக்கும்போது முன்சில்லு இலேசாகிறதா என்று பாருங்கள். முன்சில்லு நிலத்தில் அழுந்தாவிட்டால் ஸ்டேரிங் வேலை செய்யாது. முன்பாரம் பூட்டுங்கள்; அல்லது அந்த இயந்திரத்துக்கு ஏற்ற சிறிய கலப்பையைக் கேளுங்கள்.

3. வயலில் ஓட்டும்போது

உழவு இயந்திரத்தில் ஆசனம் ஒன்றுதான்; சாரதி மட்டுமே அதில் இருக்க வேண்டும். மட்கார்ட்டில் பிள்ளைகளை ஏற்றிச் செல்வது நம் ஊர்களில் வழக்கம். ஒரு வரம்பு குலுக்கினால் பிள்ளை விழுவது பின்னால் வரும் தட்டுகளுக்கு முன்னால்தான். சாரதி பிரேக் போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

தட்டு ஆழமாக இறங்கவில்லை என்று கலப்பையின் மேல் ஆளை ஏற்றி நிறுத்துவதும் வழக்கம். இதனை ஒருபோதும் செய்யாதீர்கள். பாரம் தேவையென்றால் மண் நிரப்பிய பைகளைச் சட்டத்தின் மேல் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். அதற்கு முன் தட்டு வரிசைகளின் சாய்வைப் பாருங்கள். சாய்வைக் கூட்டினால் தட்டு ஆழமாக வெட்டும். குறைத்தால் மேலாக வெட்டும். முன்வரிசை மட்டும் அதிகமாகப் புதைந்தால் மேற்கையைச் சற்று நீட்டுங்கள்.

மண்ணின் பதத்தையும் பாருங்கள். ஒரு பிடி மண்ணை உருட்டி அழுத்தினால் உதிர வேண்டும். களிபோல ஒட்டினால் தட்டில் அப்பிக்கொள்ளும், நிலமும் இறுகும். ஓரிரு நாள் பொறுங்கள். தண்ணீர் நிற்கும் சேற்று உழவுக்கு ரொட்டவேற்றர்தான் பொருத்தம். ஆழிப்பேரலையின் உப்புப் படிந்த காணியில் உழவு மட்டும் போதாது. மழைநீரையோ வாய்க்கால் நீரையோ தேக்கி வடியவிட்டு உப்பைக் கழுவ வேண்டும்.

திரும்பும் இடத்தில் கலப்பையைத் தூக்கிய பிறகே திரும்புங்கள். தட்டு மண்ணில் இருக்கும்போது பின்னுக்கு ஓட்டாதீர்கள். வரம்பையும் வாய்க்காலையும் நேர்குறுக்காக, மெதுவாகக் கடவுங்கள். சரிவாகக் கடந்தால் இயந்திரம் பக்கவாட்டில் சாயும்.

சில்லு புதைந்தால் அவசரப்பட வேண்டாம். கலப்பையைத் தூக்கிப் பின்னுக்கு எடுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் கலப்பையைக் கழற்றி, சில்லின் முன்னால் மண்ணை வெட்டுங்கள். பின்சில்லில் மரக்கட்டையைக் கட்டி முன்னுக்கு ஓட்டுவது உயிராபத்து. சில்லு சுழல முடியாதபோது இயந்திரத்தின் முன்பக்கம் மேலெழுந்து சாரதியின் மேல் மல்லாக்க விழும். அது கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும்.

ஏக்கர் கணக்கில் கூலி பெறும் சாரதிக்கு மழைக்கு முன் பல வயல்களை முடிக்க வேண்டிய அவசரம் இருக்கும். உங்களுக்கும் விதைப்புத் திகதி நெருங்கும் கவலை இருக்கும். ஆனாலும் ஆபத்தைக் கண்டால் நிறுத்தச் சொல்லுங்கள். வேலை தொடங்குவதற்கு முன்பே "யாரையும் ஏற்ற வேண்டாம், நான் கை காட்டினால் நிறுத்துங்கள்" என்று பேசிக்கொண்டால் பிறகு மனத்தாங்கல் வராது.

4. வீதியில் கொண்டுபோகும்போது

கல்முனை–அக்கரைப்பற்று பிரதான வீதியில் வாகனம் அதிகம். கலப்பையை முழுவதும் தூக்கி, ஹைட்ரோலிக் லிவரைப் பூட்டுங்கள். இரண்டு பிரேக் மிதிகளையும் ஒன்றாக இணைத்துவிடுங்கள். ஒருபக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் வீதியில் இயந்திரம் சுழன்றுவிடும். கலப்பையின் இரு ஓரங்களிலும் சிவப்புத் துணி கட்டுங்கள். இருட்டிய பிறகு வீதிக்கு எடுக்காதீர்கள்.

5. நிறுத்தியதும், பழுது பார்க்கும்போதும்

சாரதி ஆசனத்தை விட்டு இறங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை: கலப்பையை நிலத்தில் இறக்குங்கள், கைப்பிரேக் போடுங்கள், இயந்திரத்தை நிறுத்துங்கள், சாவியை எடுங்கள். தேநீர் குடிக்கப் போனாலும் இதையே செய்யுங்கள். தூக்கிய நிலையில் விட்ட கலப்பை, ஹைட்ரோலிக் எண்ணெய் கசிந்தால் தானாக இறங்கும். விளையாட்டாக ஒரு பிள்ளை லிவரைத் தட்டினாலும் இறங்கும்.

தட்டில் சுற்றிய புல்லையும் கம்பியையும் எடுக்க வேண்டுமானால் உறுதியான மரக்குற்றிகளைச் சட்டத்தின் கீழ் வைத்து, அதன்மேல் கலப்பையை இறக்கிய பிறகே கை வையுங்கள். செங்கல் பாரத்தில் நொறுங்கும். அதனை முட்டுக்கொடுக்கப் பாவிக்காதீர்கள். தடித்த கையுறையும் சப்பாத்தும் அணியுங்கள். சாரன் உடுத்திருந்தால் மடித்து இறுக்கிக் கட்டுங்கள். தொங்கும் துணி லிவரிலும் பின்னிலும் மாட்டும்.

6. பராமரிப்பு

ஒவ்வொரு நாளும்: கிறீஸ் நிப்பிளைத் துடைத்து, பெயாரிங்குகளுக்குக் கிறீஸ் அடியுங்கள். எல்லா நட்டுகளையும் இறுக்குங்கள். முக்கியமாகத் தட்டுகளைக் கோர்த்திருக்கும் நீண்ட அச்சின் நட்டைப் பாருங்கள். அது தளர்ந்தால் தட்டின் துவாரம் தேய்ந்து அச்சே வளையும். மண் சுரண்டும் தகடுகள் தட்டில் உரசாமலும் அதிகம் விலகாமலும் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு போகத்திலும்: குற்றியில் ஏற்றிய கலப்பையின் தட்டு வரிசையை அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெயாரிங் தேய்ந்துள்ளது. வெடித்த தட்டை ஒட்டுப்போட்டுப் பாவிக்காதீர்கள். அது பதப்படுத்திய இரும்பு. வெல்டிங் சூட்டில் மேலும் வெடிக்கும். ஒரே வரிசையில் பெரியதும் சிறியதுமான தட்டுகளைக் கலக்காதீர்கள்.

போகம் முடிந்ததும்: கடற்காற்றின் உப்பு இரும்பை விரைவில் அரிக்கும். நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, தட்டுகளுக்கு எண்ணெய் பூசுங்கள். களப்பு நீரால் கழுவ வேண்டாம். கூரையின் கீழ், பலகையின் மேல் இறக்கி வையுங்கள். கழிவு எண்ணெயைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள்.

7. காயம் ஏற்பட்டால்

இயந்திரத்தை நிறுத்துங்கள். ஆள் கலப்பைக்குக் கீழே அகப்பட்டிருந்தால் முன்னுக்குப் பின்னுக்கு ஓட்டாதீர்கள். கலப்பையை நேராகத் தூக்கி, உடனே குற்றி வைத்த பிறகு எடுங்கள். இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள வேறு வைத்தியசாலைக்கோ கொண்டுபோங்கள். மண் பட்ட வெட்டுக்காயம் சிறியதாக இருந்தாலும் ஏற்புவலித் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

குடும்பத்தில் கலந்துரையாடுங்கள்

• நமது காணியில் பழைய கிணறும் முள்ளுக்கம்பியும் எங்கே இருந்தன? ஊரில் மூத்தவர்கள் யாருக்கு நினைவிருக்கும்?
• உழவு நடக்கும் நேரத்தில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்? எந்த வரம்புக்கு அப்பால் அவர்கள் நிற்க வேண்டும்?
• சாரதியிடம் வேலைக்கு முன் என்ன பேசப்போகிறோம்? யார் பேசுவார்?

உழவு இயந்திரம், விதைநெல், மண் பரிசோதனை பற்றிய உதவிக்கு உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தை நாடுங்கள். தண்ணீர் திறக்கும் திகதியைப் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திலோ வட்டைவிதானையிடமோ அறிந்து, அதற்கேற்ப உழவு நாளை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். நாள் கையில் இருந்தால் அவசரம் குறையும். அவசரம் குறைந்தால் விபத்தும் குறையும்.