பத்திரம் பதிந்தால் வரி போய்விடுமா?

அறக்கட்டளை தொடங்குவோரிடையே உலவும் நம்பிக்கைகளில் மூத்தது இது: சார்பதிவாளர் அலுவலகத்தில் டிரஸ்ட் பத்திரத்தைப் பதிந்துவிட்டால் வருமான வரி கிடையாது, கணக்கும் காட்ட வேண்டாம். பத்திரம் எழுதுபவர் சொல்கிறார். ஏற்கெனவே டிரஸ்ட் நடத்துபவர் அதை உறுதிப்படுத்துகிறார். கல்லூரி நடத்துகிறவர்கள்கூடத் தலையாட்டுகிறார்கள். இதில் முன்பாதியும் தவறு, பின்பாதியும் தவறு.

சார்பதிவாளர் செய்வது ஓர் ஆவணத்தைப் பதிவேட்டில் ஏற்றும் வேலை. அறக்கட்டளையின் பணம் யாருக்குப் போகிறது என்று பார்ப்பது அவர் பொறுப்பில் இல்லை. வரிவிலக்கு தருவது வருமான வரித் துறை. 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு 12ஏபி பிரிவில் தனியாக விண்ணப்பித்துப் பதிவு பெற வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிந்த சங்கத்துக்கும், கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் தொடங்கிய நிறுவனத்துக்கும் இதே விதிதான். இந்தப் பதிவு இல்லாத அறக்கட்டளைக்கு வரும் நன்கொடை சட்டத்தின் கண்ணில் வருமானம். 2026 ஏப்ரல் 1 முதலான 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு; இங்கே தருபவை பழைய சட்டத்தின் எண்கள். தனிப் பதிவு வேண்டும் என்ற கட்டாயம் மாறவில்லை.

'எங்களிடம் பழைய 12ஏ சான்றிதழ் இருக்கிறது' என்பது அடுத்த பதில். சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியும் வைத்திருப்பார்கள். ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லும் என்ற காலம் ஒன்று இருந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் பழைய அறக்கட்டளைகள் அனைத்தும் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. புதியவற்றுக்கு முதலில் 3 ஆண்டுத் தற்காலிகப் பதிவு, பிறகு 5 ஆண்டுப் பதிவு. முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் வருமானம் 5 கோடி ரூபாயைத் தாண்டாத சிறிய அமைப்புகளுக்கு 10 ஆண்டுப் பதிவு என்று 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் தளர்த்தியது. எப்படியானாலும் அதற்கொரு காலாவதித் தேதி உண்டு. சுவரில் தொங்கும் பழைய சான்றிதழுக்கு இன்று சட்டத்தின் விலைதான் மிச்சம். கண்ணாடிச் சட்டத்தின் விலை.

பதிவு கிடைத்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறநோக்கத்துக்குச் செலவிட வேண்டும். 15 சதவீதத்தைக் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம். ஓர் அறக்கட்டளைக்கு 20 லட்சம் வருகிறது என்றால் 17 லட்சம் செலவாகியிருக்க வேண்டும். 12 லட்சம்தான் செலவானது என்றால் மீதி 5 லட்சத்துக்கு வரி. அதைத் தவிர்க்க வேண்டுமானால் படிவம் 10-இல் குறிப்பான நோக்கத்தை எழுதி, 5 ஆண்டுகளுக்குள் செலவிடுவதாக அறிவித்து, வங்கி, அஞ்சலகம் போன்ற சட்டம் அனுமதித்த இடங்களில் பணத்தைப் போட்டுவைக்க வேண்டும். அறங்காவலரின் மைத்துனர் கடைக்கு வட்டிக்கு விடுவது அந்தப் பட்டியலில் இல்லை. அறங்காவலருக்கோ உறவினருக்கோ முறையற்று ஆதாயம் போனால், போன தொகைக்குச் சமமான அபராதம். பின்னொரு ஆண்டில் மீண்டும் நடந்தால் இரட்டிப்பு.

கணக்குக் காட்ட வேண்டாம் என்ற பாதிதான் அதிகக் கேடு செய்கிறது. விலக்கைக் கணக்கிடுவதற்கு முன்புள்ள வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டினால் தணிக்கையும் கட்டாயம், வருமான வரிக் கணக்குத் தாக்கலும் கட்டாயம். தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கெடு செப்டம்பர் 30. கணக்குத் தாக்கலுக்கு அக்டோபர் 31. தணிக்கை அறிக்கையே போகவில்லை என்றால் அந்த ஆண்டின் விலக்கு கைவிட்டுப் போகும்.  தாமதத்தைப் பொறுக்கும்படி ஆணையரிடம் மனுக் கொடுக்க வழியுண்டு. ஆனால் அது அவர் கொடுத்தால் கிடைப்பது, கேட்டு வாங்கும் உரிமை அல்ல. ஆடிட்டருக்குத் தர வேண்டிய கட்டணத்தை மிச்சம் பிடித்து விலக்கை இழப்பதைச் சிக்கனம் என்று எந்த ஊரிலும் சொல்லமாட்டார்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. நன்கொடை கொடுத்தால் முழுத் தொகையும் வரியில் கழியும் என்பது பொய். பொதுவாக, நன்கொடைக் கழிவுக்கான 80ஜி பதிவுள்ள அறக்கட்டளைக்கு 10,000 ரூபாய் கொடுத்தால் 5,000 ரூபாய் வருமானத்திலிருந்து கழியும். 30 சதவீத வரியில் இருப்பவருக்கு மிச்சம் 1,500 ரூபாயும் அதன் மேல்வரியும். புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கு அதுவும் இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கும் இல்லை.

சேவை நிறுவனம் டிடிஎஸ் (மூலத்திலேயே வரி) பிடிக்க வேண்டாம் என்பதும் பொய். உதவிபெறும் பள்ளிகளில் பணிபுரியும் துறவியர், சம்பளம் தங்கள் சபைக்கே போகிறது, தங்களுக்கென்று எதுவும் இல்லை, அதனால் பிடித்தம் கூடாது என்று வாதிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் அதை ஏற்கவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. துறவிக்கே பிடித்தம் உண்டென்றால் பந்தல் ஒப்பந்ததாரருக்கு எப்படி இல்லாமல் போகும்? பிடிக்கத் தவறினால் அந்தச் செலவில் 30 சதவீதம் அறச்செலவுக் கணக்கில் சேராது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததும் சேராது.

வியாபாரிகளுக்கு வேறொரு ஆசை காட்டப்படுகிறது: சொத்தை டிரஸ்டில் போட்டு வரியை மிச்சப்படுத்தலாம், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். உள்ளே போக வாசல் உண்டு, திரும்பி வர இல்லை. 2016-இல் வந்த 115டிடி பிரிவின்படி, பதிவு ரத்தானாலோ அறத்தன்மை மாறினாலோ கடன் போக மீதமுள்ள சொத்தின் சந்தை மதிப்புக்கு உச்ச விகிதத்தில் வரி விழும்.

நம் ஊர்களில் திருவிழா முடிந்ததும் தலைக்கட்டு வரி எவ்வளவு வந்தது, வாணவேடிக்கைக்கு எவ்வளவு போனது என்று ஊர்க்கூட்டத்தில் வாசிப்பார்கள். பத்து ரூபாய் இடித்தாலும் யாராவது எழுந்து கேட்பார். லட்சக்கணக்கில் நன்கொடை வாங்கும் அறக்கட்டளைகள் இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கொருமுறை கொடுத்தவர்கள் முன்னால் கணக்கை வாசிக்கலாம். சட்டம் இதைக் கேட்கவில்லை. ஆனால் மார்ச் முடிந்ததும் ஊர் முன்னால் வாசித்தாக வேண்டும் என்றால் ரசீதுப் புத்தகம் செப்டம்பர் வரை அலமாரியில் தூங்காது.

சட்டம் கேட்பது வேறு. 2022-இல் வந்த 17ஏஏ விதிப்படி ரொக்கப் புத்தகம், பேரேடு, பில்கள், நன்கொடையாளரின் பெயர் முகவரி விவரங்கள் ஆகியவற்றை மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 10 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கையெழுத்து நோட்டாக இருக்கலாம், கணினியிலும் இருக்கலாம்.