லொறியின் மூச்சும் இழுவையும்

இடம்பெயர்ந்து வந்த இடத்திலும் மீளக்குடியேறிய காணிகளிலும், நாலைந்து குடும்பங்கள் கூடிப் பழைய லொறி ஒன்றை வாங்கி, நெல்லும் மரக்கறியும் ஏற்றிப் பிழைப்பதை நாம் காண்கிறோம். அந்த லொறி மேட்டில் இழுக்க மறுத்தால், "கம்பனி பூட்டிய எயார் பில்ரரைக் கழற்றிப்போட்டு, திறந்த கூம்பு பில்ரரும் அகலமான குழாயும் பூட்டுங்கள், இழுவை கூடும்" என்று ஆலோசனை சொல்ல ஆட்கள் உண்டு. அதற்குக் கேட்கும் பணம் சிறிதல்ல. விதைநெல்லுக்கென்று வைத்த காசே அதில் போய்விடலாம். ஆகவே இவ்விடயத்தைச் சற்று விளக்கமாக நோக்குவோம்.

பெற்றோல் எஞ்சினில் சாரதி அக்சிலேற்றரை மிதிக்கும்போது காற்றுப் போகும் வாசல் திறக்கிறது. பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் அப்படியான வாசல் இல்லை. காற்று எப்போதும் தாராளமாக உள்ளே போகும். சாரதியின் கால் கூட்டுவதும் குறைப்பதும் பம் அனுப்பும் டீசலின் அளவையே. ஒரு கிலோ டீசல் முற்றாக எரிய ஏறக்குறைய 14½ கிலோ காற்று வேண்டும். நல்ல நிலையிலுள்ள டீசல் எஞ்சின் முழுப்பாரத்தோடு ஓடும்போதும் இதைவிடக் கூடுதலான காற்றையே எடுக்கிறது. எனவே டீசலைக் கூட்டாமல் காற்றை மட்டும் கூட்டினால் இழுவை கூடாது. சோறு அதே அளவாக இருக்க, இலையைப் பெரிதாகப் போட்டால் பசி தீருமா?

பொருளாதாரத் தடை இருந்த 1990களில் யாழ்ப்பாணத்தில் எம்மவர் சில துளி பெற்றோல் விட்டுக் காரை ஸ்ராட் செய்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் கெட்டித்தனத்தை நாம் மெச்சுகிறோம். ஆனால் அவை பெற்றோல் எஞ்சின்கள். அவற்றின் காற்று வழியில் கைவைத்துக் கண்ட பலனை டீசல் லொறியிலும் காணலாம் என்று எண்ணக்கூடாது.

"பழைய பில்ரர் மூச்சை அடைக்கிறதே" என்று சிலர் கேட்பர். எவ்வளவு அடைக்கிறது? மேலே வைத்த தண்ணீர்ப் பம், 25 அடிக்குக் கீழுள்ள நீரை இழுக்கச் சிரமப்படும். அதனால்தான் கோடையில் பம்மைக் கிணற்றுக்குள் இறக்குகிறோம். நீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அமுக்கம். அந்த அமுக்கம் ஆகக்கூடியது 34 அடி, அதாவது ஏறக்குறைய 400 அங்குல நீரைத் தாங்கும். பெரிய டீசல் எஞ்சின்களில் பில்ரரின் தடை 20 முதல் 25 அங்குல நீரளவுக்கு வந்ததும் அதை மாற்றுவது வழமை. அப்படியானால், மாற்றவேண்டிய அளவுக்கு அழுக்கான பில்ரர்கூட அந்த அமுக்கத்தில் பதினாறில் ஒரு பங்கைத்தான் தின்கிறது. புதிய பில்ரர் தின்பது அதிலும் எவ்வளவோ குறைவு. விலையுயர்ந்த கூம்பு மிச்சம் பிடிப்பது இந்தச் சிறு பங்கில் ஒரு துண்டு மாத்திரமே.

அந்த மிச்சமும் வெப்பத்தில் போய்விடும். கம்பனி குழாய் வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கிறது. எஞ்சினுக்குப் பக்கத்தில் பூட்டிய கூம்போ எஞ்சினின் சூட்டுக் காற்றையே இழுக்கும். காற்று 27 பாகையிலிருந்து 57 பாகைக்குச் சூடானால், அதே கொள்ளளவில் உள்ள காற்றின் நிறை பதினொன்றில் ஒரு பங்கு குறையும். சத்தம் மட்டும் கூடும். சத்தம் கூடினால் பலமும் கூடியதாகச் சாரதிக்குத் தோன்றும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து புழுதி. நாலு லீற்றர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடினால், ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் லீற்றர் காற்றை விழுங்கும். அறுவடைக் காலத்துக் கிறவல் வீதியில், முன்னால் ஓர் உழவு இயந்திரம் போக, அந்தக் காற்றில் எவ்வளவு மண் இருக்கும்! கண்ணுக்குத் தெரியாத மண்துகள் எண்ணெயோடு கலந்தால், வால்வு தேய்க்கும் பேஸ்ற் போலாகி பிஸ்ரன் றிங்கையும் சிலிண்டரையும் அராவிவிடும். பிறகு காலையில் எஞ்சின் இலகுவில் ஸ்ராட் ஆகாது, எண்ணெய் குடிக்கும், எண்ணெய் ஊற்றும் மூடியால் புகை வரும். இழுவைக்கென்று பூட்டிய சாமானே இழுவையைக் கொன்றதாக முடியும்.

ரேர்போ பூட்டிய லொறிகளில் காற்றோடு டீசலையும் சேர்த்துக் கூட்டினால் பலம் கூடும் என்பது உண்மை. ஆனால் வெப்பமும் கூடும். பிஸ்ரன் உருகினால் யார் பொறுப்பு? கடன் வாங்கி ஓடும் லொறிக்கு அது உகந்ததல்ல என்பதே எமது கருத்து.

அப்படியானால் இழுக்காத லொறிக்கு என்ன செய்வது? முதலில் இருக்கிற பில்ரரைத் திறந்து பாருங்கள். எண்ணெய்க் கிண்ணமுள்ள பழைய வகையானால், சேறு படிந்த எண்ணெயை ஊற்றிவிட்டு, கழுவித் துடைத்து, அடையாளக் கோடு வரை மட்டும் புதிதாக விடுங்கள். கூட விட்டால் எஞ்சின் அந்த எண்ணெயை இழுத்து எரித்து, நிறுத்த முடியாதபடி வேகமெடுக்கலாம். கடதாசி பில்ரரை மண்ணெண்ணெயில் கழுவ வேண்டாம். இருட்டில் அதற்குள் ரோர்ச் அடித்துப் பாருங்கள். ஊசித்துளையால் வெளிச்சம் வந்தால் அதை எறிந்துவிடலாம். பில்ரருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத்துணியால் துடையுங்கள். துணியில் மண் ஒட்டினால் எங்கோ ஒழுக்கு உண்டு. கிளிப்பை இறுக்குங்கள், வெடித்த றப்பரை மாற்றுங்கள். இவற்றுக்குப் பிறகும் கரும்புகை போனால் நொசிலைச் சோதிக்கவேண்டும். புகையில்லாமல் இழுவை குறைந்தால் டீசல் பில்ரர் அடைத்திருக்கலாம். பிரேக் பிடித்தபடி இருக்கிறதா, ரயரில் காற்றுக் குறைவா என்பதையும் பார்க்கத் தவறாதீர்கள்.

இதன் பின்பும் கூம்பு பில்ரரில் ஆசையிருந்தால், விற்பவரிடம் ஒரு நாளைக்கு இரவல் கேளுங்கள். ஒரே பாரம், ஒரே மேடு, ஒரே சாரதி. முதலில் பழையதோடும் பின்னர் புதியதோடும் ஏறி, மணிக்கூட்டில் நேரத்தைக் குறியுங்கள். ராங்கியை வாய்மட்டம் நிரப்பி, ஓடி வந்து மறுபடி அதே மட்டத்துக்கு நிரப்பி, எத்தனை லீற்றர் போனதென்று பாருங்கள். லொறியில் பங்குள்ள எல்லாக் குடும்பங்களிலிருந்தும் ஒருவராவது அப்போது கூட நிற்பது நல்லது.