மெழுகும் சாயமும் எழுப்பிய ஊர்

நுழையும்முன்

ஓவியம் கற்பது ஒன்று. ஓவியராக வாழ்வது வேறொன்று. 1960களில் சென்னைக் கலைக்கல்லூரியில் பயின்ற இளைஞர் சிலர், அந்த இரண்டாவதைத் தம் கைகளாலேயே இயலச் செய்தனர். கடற்கரை மணலில் அவர்கள் ஓர் ஊரை அமைத்தனர். அவ்வூருக்கு நிலம் வாங்கித் தந்தவை கண்காட்சியில் விற்ற துணிகள்.

மலையில் ஒரு கண்காட்சி

ஆண்டுதோறும் மே மாதத்தில் ஏற்காட்டில் கோடைவிழா நடைபெறுகிறது. சேலத்தின் வெயிலைப் பின்னே விட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, குடும்பம் குடும்பமாக மக்கள் சேர்வராயன் மலைக்கு வருகின்றனர். அண்ணா பூங்காவில் மலர்க்காட்சி, அடுக்கடுக்காகப் பூந்தொட்டிகள், பூக்களைக் கொண்டே அமைத்த உருவங்கள். அவ்வுருவங்களை அமைத்த கைகள் யாருடையவை என்று கேட்பவர் குறைவு. சில நாளில் பூக்கள் வாடிவிடும். வந்தவர்கள் கரடியூர்க் காட்சிமுனையில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் காப்பித்தூளோ மிளகோ வாங்கிக்கொண்டு இறங்குகின்றனர். விடுமுறைக்கு வந்தவர் வாங்கும் பொருளுக்கு ஓர் இலக்கணம் உண்டு: அது பையில் அடங்கவேண்டும், விலை கையில் அடங்கவேண்டும்.

இக்கூட்டத்தின் நடுவே ஓர் ஓவியர் தம் படங்களை வைத்திருப்பதாக எண்ணிப் பார்ப்போம். மூன்று மாதம் உழைத்து வரைந்த ஆறடி ஓவியத்தின்முன் பலர் நிற்பர், சிலர் வியப்பர், வாங்குபவர் இலர். உள்ளங்கை அகலத்தில் அவர் வரைந்த வாழ்த்து அட்டைகளோ மாலைக்குள் தீர்ந்துவிடும். மறுநாள் அவர் எதை வரைவார்? அட்டைகளையே வரைந்துகொண்டிருந்தால் அந்தப் பெரிய ஓவியம் என்னாகும்? வரையாவிட்டால் வீட்டில் அடுப்பெரிவது எவ்வாறு? நாம் கற்பனை செய்த இந்த ஓவியரின் இக்கட்டு, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குமுன் சென்னையில் ஒரு தலைமுறைக் கலைஞர் அனைவருக்கும் உண்மையாகவே நேர்ந்தது.

கல்லூரியிலிருந்து வெளியே

சென்னை எழும்பூருக்கு அருகிலுள்ள அரசு கவின்கலைக் கல்லூரி, 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் ஒரு பள்ளியாகத் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அங்குக் கைத்தொழிற் பயிற்சிக்குப் பெரிய இடம் இருந்தது. பின்னர்ப் பொறுப்பேற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி, அதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர். சென்னைக் கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவரே. அவருடைய காலத்தில் ஓவியமும் சிற்பமும் அக்கல்லூரியில் ஓங்கின. 1957இல் அவருக்குப்பின் முதல்வரானவர், அவரிடமே பயின்ற கே.சி.எஸ். பணிக்கர்.

1911இல் கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், வறுமை என்பதை நூலில் படித்து அறிந்தவர் அல்லர். தந்தையை இழந்த குடும்பத்தைத் தாங்குவதற்காகப் படிப்பை விட்டுத் தந்தித்துறையில் பணியாற்றினார். காப்பீட்டு முகவராகவும் இருந்தார். இருபத்தைந்து வயதளவில்தான் ஓவியப்பள்ளியில் சேர முடிந்தது. 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை உருவாக்கியதிலும் அவர் முன்னின்றார்.

அவருடைய மாணவர்கள் திறமை மிக்கவர்கள். ஆனால் படிப்பு முடிந்ததும் அவர்கள்முன் திறந்திருந்த வாயில்கள் சிலவே. பள்ளியில் ஓவிய ஆசிரியர் ஆகலாம். விளம்பர நிறுவனத்தில் சேரலாம். துணிகளுக்கு வடிவமைப்புச் செய்யலாம். ஓவியங்களை விலை கொடுத்து வாங்கும் வழக்கம் சென்னையில் அன்று மிக அரிது. வேலை கிடைத்தவருக்கு வரைய நேரம் இல்லை. நேரம் இருந்தவருக்கு வருவாய் இல்லை. ஆண்டுதோறும் நல்ல ஓவியர்களை உருவாக்கி அனுப்பும் ஓர் ஆசிரியருக்கு, அவர்களுள் பலர் சில ஆண்டுகளில் தூரிகையைத் தொடாதவர்களாக மாறுவதைக் காண்பது எளிதன்று.

கைவினையும் கலையும்

‘கைவினை’ என்று சொல்லும்போது நம் குரல் சற்றே தாழ்வதும் ‘கலை’ என்று சொல்லும்போது உயர்வதும் உண்டு. இப்பாகுபாடு நமக்குப் பழையதன்று. சோழர் காலச் செப்புத்திருமேனிகளை வார்த்தவர்கள் தம்மைக் கைவினைஞர் என்றோ கலைஞர் என்றோ பிரித்துக்கொள்ள வேண்டிய தேவை இருந்திருக்காது. பணிக்கரும் அவருடைய மாணவர்களும் இப்பாகுபாட்டைப் பொருட்படுத்தாமல் கடந்தனர். நாளின் ஒரு பகுதியை விற்பனைக்குரிய கைவினைப் பொருள்களுக்குக் கொடுப்பது. அவ்வருவாயில் வாழ்ந்துகொண்டு, எஞ்சிய பொழுதில் வாங்குவோரின் விருப்பத்தை எண்ணாமல் தம் ஓவியத்தைத் தீட்டுவது. இதுவே அவர்கள் கண்ட வழி. இதற்காக ஓவியர் கைவினைச் சங்கம் ஒன்றை நிறுவினர்.

அவர்கள் முதன்மையாகக் கைக்கொண்டது பாத்திக் என்னும் துணி ஓவியம். சாவகத்தில் செழித்த இக்கலையின் அடிப்படை எளிது: மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. வெண்ணிறப் பருத்தித் துணியிலோ பட்டிலோ முதலில் உருவத்தைக் கோடாக வரைவர். வெண்மையாகவே இருக்கவேண்டிய பகுதிகளை உருக்கிய மெழுகால் மூடுவர். பிறகு துணியை வெளிர்மஞ்சள் போன்றதொரு மெல்லிய நிறத்தில் தோய்ப்பர். சாயநீர் சூடாக இருத்தல் ஆகாது. இருந்தால் மெழுகு இளகிவிடும். உலர்ந்தபின், மஞ்சளாகவே நிற்கவேண்டிய இடங்களுக்கு மெழுகிட்டு அடுத்த நிறத்தில் தோய்ப்பர். இவ்வாறு வெளிரிலிருந்து அடர்நிறத்தை நோக்கியே வேலை நகரும். இறுதியில் கொதிநீரில் இட்டு மெழுகை நீக்கினால் எல்லா நிறங்களும் ஒருசேர வெளிப்படும்.

கித்தானில் எண்ணெய் வண்ணம் தீட்டுபவர், பிழையென்று தோன்றினால் அதன்மேல் வேறொரு வண்ணத்தைப் பூசிவிடலாம். பாத்திக்கில் அவ்வசதி இல்லை. எந்த இடம் எந்த நிறத்தில் முடியவேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் கண்டுவிடவேண்டும். அதே வேளையில், முழுதும் நம் கட்டுப்பாட்டில் அடங்காத ஒன்றும் அதில் உண்டு. துணி மடங்கும்போது மெழுகில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். அவற்றின் வழியே சாயம் கசிந்து வலைப்பின்னலாகப் படியும். இரு துணிகளில் ஒரே வெடிப்பு வாராது. ஓவியப் பயிற்சி பெற்ற கைக்கு இது இழிவான வேலையாக இருந்திருக்க வழியில்லை.

இந்தத் துணிகள் கண்காட்சிகளில் விற்றன. ஓவியத்தை வாங்கத் தயங்கியவர்களும் திரைச்சீலையையும் ஆடைத்துணியையும் தயங்காமல் வாங்கினர். விற்ற தொகையின் ஒரு பகுதி பொதுவில் சேர்ந்தது.

மணலில் ஒரு கிராமம்

அவ்வாறு சேர்ந்த பணத்தைக் கொண்டு, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலையொட்டிய நிலம் வாங்கப்பட்டது. 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. இன்று அவ்வழியே விரையும் கிழக்குக் கடற்கரைச் சாலை, இப்போதைய வடிவில் அன்று இல்லை. மணலும் சவுக்கு மரங்களும் மீனவர் குடியிருப்புகளுமே அக்கம்பக்கம். எளிய குடில்களில் தொடங்கிய வாழ்க்கை படிப்படியாக வீடுகளும் பட்டறைகளும் கொண்டதாக வளர்ந்தது. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் எனப் பல மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அங்கு அண்டை வீட்டார் ஆயினர்.

தெரிந்து தெளிவோம்

சோழ மண்டலக் கடற்கரை என்பதே ஐரோப்பியர் நாவில் ‘கோரமண்டல்’ எனத் திரிந்தது. இக்கரையிலிருந்து சாயமேற்றிய பருத்தித் துணிகள் பல நூற்றாண்டுகள் சாவகம் முதலிய தென்கிழக்காசிய நாடுகளுக்குக் கப்பலில் சென்றன. அங்குச் செழித்த மெழுகுச்சாயக் கலையைக் கற்ற ஓவியர்கள், அதே கரையில் குடியேறித் தம் ஊருக்கும் அப்பெயரையே இட்டனர்.

கலைஞர்கள் நகரை விட்டு ஓர் ஊரில் கூடி வாழ்வது உலகிற்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசுக்கு அருகிலுள்ள பார்பிசோன் என்னும் சிற்றூரில் இயற்கைக்காட்சி ஓவியர்கள் கூடினர். ஆயினும் அவர்கள் முன்பே இருந்த ஊரில் வந்து தங்கியவர்கள். சோழமண்டலத்தினரோ தம் உழைப்பின் ஊதியத்தில் நிலம் வாங்கி ஊரையே எழுப்பியவர்கள்.

அவ்வூர் தந்தவை

இத்தனை ஏற்பாடும் எதற்காக? ஓவியருக்குக் கிடைத்த அந்த எஞ்சிய பொழுது என்ன ஈன்றது என்பதே இதற்கு விடை.

பணிக்கர் 1963இலிருந்து ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசையில் ஓவியங்களைத் தீட்டிவந்தார். முதற்பார்வைக்கு அவை சாதகக் கட்டங்களையும் பழைய ஏட்டுச்சுவடிகளையும் நினைவூட்டும். எழுத்துப் போன்ற வரிகள் நெருக்கமாக ஓடும். ஆனால் படிக்க முயன்றால் பொருள் அகப்படாது. நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் சாதகத்தாளை ஓவியமாகக் காண இயலும் என்று அதற்குமுன் யார் எண்ணினர்? மேலைநாட்டு நவீன ஓவியத்தை நன்கறிந்த ஒருவர், அதைப் படியெடுக்காமல் தம் மண்ணின் காகிதத்திலிருந்தே ஒரு மொழியைக் கண்டெடுத்தார். ஆனால் 1960களின் விடுமுறைக் கண்காட்சி ஒன்றில் இப்படம் வாங்குவோரைக் கண்டிருக்குமா என்பது ஐயமே.

சிற்பி பி.வி. ஜானகிராம், கோயில் திருமேனிகளுக்குக் கவசம் செய்யும் முறையை ஒத்து உலோகத் தகட்டைத் தட்டி உருவங்களை அமைத்தார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் இணைத்துச் சிற்பங்கள் படைத்தார். ஜே. சுல்தான் அலியின் ஓவியங்களில் பழங்குடி மக்களின் உருவங்கள் புதுக்கோலம் பூண்டன. கைவினையைத் தொட்ட கைகளே இவற்றைச் செய்தன என்பதை உலோக வேலைப்பாட்டில் கண்கூடாகக் காணலாம். பட்டறைப் பயிற்சி சிற்பத்திற்குள்ளும் புகுந்துவிட்டது.

கே. இராமானுஜத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். 1941இல் பிறந்த அவருக்குப் பேச்சு எளிதாக வாராது. ஊரார்நடுவே இயல்பாகப் பழகவும் இயலாது. மை தொட்ட பேனாவால் அவர் வரைந்த படங்களில் மாளிகைகளும் பறவைகளும் பாம்புகளும் விந்தையான விலங்குகளும் இடைவெளியின்றி நிறைந்திருக்கும். அவற்றினூடே தொப்பியணிந்த ஒருவர் உலவுவார். அவர் இராமானுஜமே. சென்னையின் கன்னிமாரா விடுதிக்கு ஒரு பெரிய சுவரோவியமும் வரைந்தார். 1973இல், இளமையிலேயே மறைந்தார். வேலை தேடி அலுவலகப் படிகளில் ஏற அவரால் முடிந்திராது. வரைவதற்கு ஓர் இடமும் பேசாமல் இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும் அண்டையாரும் அவருக்குக் கிடைத்த ஊர் சோழமண்டலம். அங்கும் அவருடைய தனிமை முழுதும் தீரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வேற்பாடு என்றென்றைக்கும் மாறாமல் நீடிக்கவில்லை. எஸ்.ஜி. வாசுதேவ், வி. விசுவநாதன் போன்றோர் பின்னர் வேறு நகரங்களுக்கும் நாடுகளுக்கும் சென்றனர். 1977இல் பணிக்கர் மறைந்தார். காலப்போக்கில் ஓவியங்களையே விலைகொடுத்து வாங்குவோர் பெருகினர். பாத்திக் வேலை குறைந்தது. தன் பணியை முடித்த மெழுகு துணியிலிருந்து கரைந்து நீங்குவது போன்றதே இது எனலாம். ஆயினும் அக்கைத்தொழிலை முழுமூச்சாகத் தொடர்ந்திருந்தால் இன்னும் என்னென்ன விளைந்திருக்கும் என்னும் எண்ணமும் எழாமல் இல்லை.

காட்சிக்கூடத்தில்

2009இல் அக்கிராமத்தில் தற்காலக் கலை மையம் திறக்கப்பட்டது. சென்னைக் கலை இயக்கத்தைச் சார்ந்த ஓவியங்களும் சிற்பங்களும் அதன் அருங்காட்சியகத்தில் நிலையாக வைக்கப்பட்டுள்ளன. வெளியே மரநிழலில் கல்லும் உலோகமும் கொண்ட சிற்பத்தோட்டம். விடுமுறை நாள்களில் மாமல்லபுரம் செல்வோர் வழியில் இறங்கி இவற்றைக் காண்கின்றனர்.

அருங்காட்சியகத்தையடுத்து, பிற ஓவியர்கள் வாடகைக்குப் பெற்றுத் தம் படைப்புகளை வைத்து விற்பதற்கென்று இரு சிறு கூடங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றின் பெயர் இண்டிகோ. நீலச்சாயம் தரும் அவுரியைக் குறிக்கும் சொல் அது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்த் திருவிழாவிலோ கோடைவிழாவிலோ கைவினைப் பொருள் விற்கும் ஒருவரைச் சந்தித்து, அவர் விற்பனைக்காகச் செய்வனவற்றையும் தம் விருப்பத்திற்காகச் செய்வனவற்றையும் கேட்டறிந்து, உரையாடலாக எழுதுக.

2. ‘விற்பனைக்காகப் படைப்பது கலைஞரின் உரிமையைக் குறைக்கும்’ – இக்கூற்றை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் வாதிடுக.