பதிவில் நிலைபெறும் புதுவாழ்வு

ரப்பர்க் கன்று நட்ட அன்றே பால் தருவதில்லை. களை எடுத்து, உரமிட்டு, ஆறேழு ஆண்டுகள் பேணிய பின்னரே அது வெட்டுக்கு வருகிறது. நம் வாழ்வில் வாய்க்கும் புதிய தொடக்கங்களும் அத்தகையனவே. சட்டம் வழியைத் திறந்துவிடும். அவ்வழியே நடக்க வேண்டியவர்கள் நாமே. இவ்வுண்மையை நான்கு துறைகளில் காண்போம்.

அரசியல்

1957 ஆகஸ்ட் 31-ஆம் நாள் மலாயா சுதந்திரம் பெற்றது. இந்நாட்டில் முன்னரே பிறந்து குடியுரிமை பெறாதிருந்தோர் அதற்கு விண்ணப்பிக்க வழி ஏற்பட்டது. முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்களிடம் மலாய்மொழித் தேர்ச்சியும் கேட்கப்படவில்லை. ஆயினும் நம்மவருள் பலர் அவ்வாய்ப்பை நழுவவிட்டு, சிவப்பு அடையாளக் கார்டுடன் இருந்துவிட்டனர். 1969-இல் குடிமக்கள் அல்லாதார்க்கு வேலை அனுமதிப் பத்திரம் கட்டாயமாக்கப்பட்டபோது, பல்லாண்டுகள் பால்மரம் வெட்டிய ஆயிரக்கணக்கானோர் இந்தியா திரும்ப நேர்ந்தது.

பொருளாதாரம்

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டன. வேலையுடன் குடியிருந்த லயத்தையும் தொழிலாளர் இழந்தனர். இந்நிலையில் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் சிறு தவணைகளாகச் செலுத்திய பங்குப் பணமே அதன் முதலாயிற்று. கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் முதலில் வாங்கியது. கூலியாய் உழைத்தவர் பங்குதாரராகவும் ஆனார்.

நீதியும் இல்லறமும்

இஸ்லாமியர் அல்லாதாருக்கான திருமண, மணவிலக்குச் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வழக்காற்றின்படி ஒருவன் ஒரு மனைவி இருக்கவே மற்றொருத்தியை மணக்க இயன்றது. அந்நாள் முதல் ஒருவனுக்கு ஒருத்தி என்பதே சட்டமாயிற்று. முதல் மனைவி இருக்கையில் செய்யும் இரண்டாம் மணம் செல்லாது. திருமணப் பதிவும் கட்டாயமாயிற்று.

கோயிலில் தாலி கட்டி, ஊரறிய விருந்து வைத்தபின் பதிவு எதற்கு என்று சிலர் எண்ணுகின்றனர். அதன் விளைவு பிள்ளைகளைச் சேர்கிறது. தந்தை மலேசியக் குடிமகன், தாய் குடியுரிமை அற்றவர் என்று கொள்வோம். அவர்கள் மணம் பதிவாகாத நிலையில் குழந்தை பிறந்தால், அது தந்தையின் குடியுரிமையைத் தானாகப் பெறுவதில்லை. தாயின் நிலையே அதற்கும் ஆகிறது. பள்ளியிலும் வேலையிலும் அப்பிள்ளை படும் துயரை நாம் அறிவோம். கணவனை இழந்த பெண் சொக்சோ உதவி கோரும்போதும் முதலில் காட்ட வேண்டியது திருமணச் சான்றிதழே.

ஊழியர் சேமநிதியிலும் கவனம் வேண்டும். மணமாகுமுன் பெற்றோரை வாரிசாக நியமித்தவர், மணமானபின் அதனை மாற்றாவிடில் பழைய நியமனமே நிற்கும். மனைவி மக்களுக்கு அப்பணம் சேராது போகலாம்.

நாம் செய்ய வேண்டுவன

திருமணத்தைத் தேசியப் பதிவு இலாகாவிலோ, பதிவதிகாரம் பெற்ற கோயிலிலோ பதிவு செய்வோம். குழந்தை பிறந்தவுடன் பிறப்பைப் பதிவோம். சேமநிதி வாரிசு நியமனத்தைச் சரிபார்ப்போம். சான்றிதழ்களைக் கறையானும் மழைநீரும் அண்டாதவாறு காப்போம். படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்குப் பாரங்களை நிரப்பித் தருவோம்.

1957-இல் ஒரு பாரத்தை நிரப்பாமல் விட்ட குடும்பங்கள் அதன் விலையைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் கொடுத்தன. அவ்விலையை நம் பிள்ளைகள் கொடுக்க நேராதிருப்பது நம் கையில் உள்ளது.