வீட்டுக் கொல்லையில் சீமைத்தினை

கடைகளில் கினோவா என்று அதிக விலைக்கு விற்கப்படும் தானியத்துக்குத் தமிழில் சீமைத்தினை என்ற பெயர் வழங்கி வருகிறது. பெயரில்தான் தினை. வள்ளி காவல் காத்த தினைக்கும் இதற்கும் உறவு கிடையாது. தினை புல்லினம், இது நம் சக்கரவர்த்திக் கீரைக்குப் பங்காளி. தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதி. ஐ.நா. சபை 2013-ஆம் ஆண்டைக் கினோவா ஆண்டாகக் கொண்டாடியது. அதையொட்டிய ஆண்டுகளில் பக்கத்து ஆந்திராவில், வறட்சி மிகுந்த அனந்தப்பூர் மாவட்டத்திலும் இதைப் பயிரிட்டுப் பார்த்தார்கள்.

குளிர் மலைப் பயிர் திருத்தணி வெயிலில் வருமா? பட்டம் பார்த்து விதைத்தால் வரும். பூக்கும் சமயத்தில் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போனால் மணி சரியாகப் பிடிக்காது; கதிரில் பதர்தான் மிஞ்சும். ஆகவே தைப்பட்டம் ஆகாது. ஆடிப்பட்டமும் ஆகாது, முற்றிய கதிர் ஐப்பசி மழையில் நனைந்தால் செடியிலேயே முளைத்துவிடும். கார்த்திகை பாதிக்கு மேல், மழை தணிந்து மண் பொலபொலப்பாக இருக்கும்போது விதைப்பதே சரி. தை, மாசியில் பூத்து, பங்குனியில் அறுவடைக்கு வரும்.

பத்தடிக்குப் பத்தடி பாத்திக்கு 10 கிராம் விதை தாராளம். விதை கடுகைவிடச் சற்றுப் பெரிது, எடை குறைவு. கடையில் வாங்கிய தானியமானால் முதலில் ஈரத்துணியில் கொஞ்சம் முடிந்து வைத்து முளைப்புத் திறன் பார்ப்பது நல்லது. மக்கிய தொழு உரமிட்டு, ஓரடி இடைவெளியில் வரிசை போட்டு, மணலுடன் கலந்த விதையை ஒரு செ.மீ. ஆழத்தில் தூவி மூட வேண்டும். கண்டபடி தூவினால் களை எடுக்கும்போது சிக்கல். காட்டுச் சக்கரவர்த்திக் கீரையும் இளஞ்செடியில் இதே போலிருக்கும். தண்ணீர் தேங்கினால் நாற்று அழுகும்.

டிசம்பர் 31-ஆம் தேதி மலையில் படித் திருவிழா நடப்பதற்குள், செடிக்குச் செடி அரை அடி இருக்கும்படி கலைத்துவிட வேண்டும். பிடுங்கிய இளஞ்செடிகளை எறிய வேண்டாம். பருப்புப் போட்டுக் கடைந்தால் நல்ல கீரை. அசுவினி கண்டால் வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். மணியின் மேல்தோல் கசப்பதால் குருவித் தொல்லை குறைவு. கவண் எடுக்கும் வேலை அதிகம் இராது!

இலைகள் உதிர்ந்து, மணி நகத்துக்கு அழுந்தாத பதத்தில் கதிரை அறுத்து, காயவைத்துக் கசக்கி, முறத்தில் புடைக்கலாம். மேற்சொன்ன பாத்தியில் ஒரு கிலோ கிடைத்தால் நல்ல மகசூல்.

பலர் இதைக் கழுவாமல் சமைத்துவிட்டு, கசக்கிறது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மேல்தோலில் உள்ள சபோனின்தான் கசப்புக்குக் காரணம். பூந்திக்கொட்டையில் நுரை வருவதும் இந்த வகைப் பொருளால்தான். நுரை நிற்கும்வரை நாலைந்து தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் வைத்தால் கால் மணி நேரத்தில் வேகும். மணியிலிருந்து வெள்ளை நூல் போல வால் பிரிவதே பதம். உப்புமா, பொங்கல் இரண்டுக்கும் பொருந்தும். அடுத்த கார்த்திகைக்கான விதையை மட்டும் கழுவாமல், நன்றாக உலர்த்தி எடுத்து வைக்க வேண்டும்.