ஈயக் குண்டுக்கு மருந்தளவு பார்க்கும் முன்

அமெரிக்காவில் ரைஃபிள் சுடுகிறவர்களில் பலர் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். அங்கே அது சட்டம் அனுமதிக்கும் பொழுதுபோக்கு. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். அமெரிக்காவில் ஈயம் உருக்கிக் குண்டு வார்க்கத் தொடங்கியிருக்கும் இளையவர்களுக்கு இதை எழுதுகிறேன். ஈயக் குண்டு மெதுவாகத்தானே போகிறது, ஆபத்தும் குறைவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நினைப்பை முதலில் விடுங்கள்.

1. குழலை அளக்காமல் குண்டு வார்க்காதீர்கள். .30-06 ரக ரைஃபிள் குழலில் பள்ளத்துக்குப் பள்ளம் விட்டம் 0.308 அங்குலம் என்பது புத்தகக் கணக்கு. பழைய ராணுவ ரைஃபிள்கள் அதற்குக் கட்டுப்படுவதில்லை. எண்ணெய் தடவிய குழலுக்குள் தூய ஈயத் துண்டு ஒன்றைத் தட்டி நுழைத்து, மறுமுனையில் எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்துபாருங்கள். வார்ப்புக் குண்டு அதைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு பெருத்திருக்க வேண்டும். சிறுத்திருந்தால் சூடான வாயு பக்கவாட்டில் பீறிட்டு, ஈயத்தை அரித்துக் குழலில் அப்பிவிடும். அதே சமயம், பெருத்த குண்டு வைத்த தோட்டாவின் கழுத்து ரைஃபிளின் அறைக்குள் நெருக்கமில்லாமல் நுழைய வேண்டும். நெருக்கினால் அழுத்தம் எகிறும்.

2. வெடிமருந்தின் அளவைப் புத்தகத்திலிருந்து எடுங்கள். வார்ப்புக் குண்டுக்கென்றே லைமன் நிறுவனம் தனிக் கையேடு வெளியிட்டிருக்கிறது. குண்டின் எடை, ஈயக் கலவை, மருந்தின் பெயர் எல்லாம் பொருந்த வேண்டும். பெயரில் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது: எச் 4831, ஐஎம்ஆர் 4831 இரண்டும் வேறு வேறு மருந்து.

3. அச்சிட்ட தொடக்க அளவுக்குக் கீழே இறங்காதீர்கள். குறைத்தால் பத்திரம் என்பது எல்லா மருந்துக்கும் பொருந்தாது. மெதுவாக எரியும் மருந்தை வரம்பு மீறிக் குறைத்தால் அழுத்தம் எதிர்பாராமல் எகிறிய சம்பவங்கள் உண்டு. எச் 4895 மருந்தை உச்ச அளவின் 60 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல் குறைக்கலாம் என்று அதை விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனமே சொல்கிறது. அது அந்த மருந்துக்கு மட்டும்.

4. இரட்டை மருந்து. நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். .30-06 தோட்டாக் கூட்டில் முழு வேகத் தோட்டாவுக்கு 50 கிரெய்னை ஒட்டி மருந்து போகும். கூடு ஏறக்குறைய நிரம்பிவிடும். ஈயக் குண்டுக்கு வேகமாக எரியும் மருந்து போடும்போது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. கூட்டின் அடியில் கொஞ்சம்தான் தெரியும். கவனம் பிசகி அதே கூட்டில் மறுபடி ஊற்றினாலும் வழியாது, குண்டும் தடையில்லாமல் உட்காரும். சுட்டால் ரைஃபிளே வெடிக்கலாம். எதிரில் இருப்பது உங்கள் முகம்.

ஆகவே மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். காலிக் கூடுகள் கட்டையில் தலைகீழாக நிற்கட்டும். மருந்து போட்டதும் நிமிர்த்தி வையுங்கள். எல்லாம் முடிந்ததும், குண்டு வைப்பதற்கு முன், டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பாருங்கள். மட்டம் ஒன்றுபோல் இல்லாத கூட்டைக் கவிழ்த்துவிடுங்கள். பேச்சுக்கு யாராவது வந்தால் வேலையை நிறுத்திவிடுங்கள். இந்தக் கட்டத்தில் தொலைபேசியைக்கூட எடுக்க மாட்டேன்.

5. ஒவ்வொரு அளவிலும் ஐந்து தோட்டா போதும். வேக மருந்தானால் அளவை ஒவ்வொரு படியிலும் அரை கிரெய்னோ அதற்கும் குறைவாகவோ ஏற்றுங்கள். புத்தகத்தின் உச்சத்தைத் தாண்டாதீர்கள். கூட்டின் அடியில் உள்ள பிரைமர் தட்டையாகிறதா என்று பார்த்து அழுத்தத்தைக் கணிக்கும் வழக்கம் இங்கே உதவாது. குறைந்த அழுத்தத்தில் பிரைமர் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்பதும், கூட்டின் கழுத்தில் கரி படிவதும் உண்டு. குழலில் ஈயம் எங்கே ஒட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். அறையை ஒட்டி இருந்தால் பெரும்பாலும் குண்டு சிறுத்திருக்கும். வாய்ப் பக்கம் இருந்தால் பெரும்பாலும் குண்டில் பூசிய மெழுகு போதவில்லை. குறி நன்றாக விழும் அளவு கிடைத்துவிட்டால் அங்கேயே நில்லுங்கள். வேகத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.

6. சத்தம் சப்பென்று கேட்டால் அடுத்ததைச் சுடாதீர்கள். குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம். துப்பாக்கியைக் காலிசெய்து, குழலில் கம்பி விட்டுப் பாருங்கள்.

7. உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் அது வெடித்துச் சிதறும். கண்ணாடியும் கையுறையும் போட்டு, காற்றோட்டமான இடத்தில் குண்டை வார்த்தெடுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்னாதீர்கள். அந்தச் சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். அதைத் தனியாகத் துவையுங்கள்.